மூன்றே நாளில் ஆபீஸ் போகலாமாம்!

டிஸ்கி 1: இந்தப் பதிவில் மார்பகம் என்ற சொல் நிறைய வரும். கூச்சப்படுகிறவர்கள் போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதியதையே இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

டிஸ்கி 2: நான் பிசியோதெரபி படிக்கும் மாணவி. டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் கோவையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார்கள். வழவழ காகிதம். சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். கீழே ‘பிரெஸ்ட் லிஃப்ட்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, மூன்று வாக்குறுதிகள்: அன்றைக்கே வீடு திரும்பலாம், மூன்றே நாளில் ஆபீஸ் போகலாம், தழும்பே தெரியாது.

முதலாவது பலருக்கு உண்மை. இரண்டாவது பொய். மூன்றாவது பச்சைப் பொய்.

வேறு யாராவது என்றால் கசக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். என்னால் முடியவில்லை. ஏனென்றால் இதே மூன்று வரிகளை நம்பி ஏமாந்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

பெரியம்மா மகள். எனக்கு அக்கா. ஈரோட்டுப் பக்கம் இருக்கிறாள். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊரையும் வயதையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தேடாதீர்கள்.) இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எடை ஏறிவிட்டது. இரண்டு வருஷம் பிடிவாதமாக நடந்து, சோற்றைக் குறைத்து, இருபது கிலோ இறக்கினாள். எடை இறங்கியது. தோல் அப்படியே நின்றுவிட்டது. மார்பின் அடி மடிப்பில் வேர்த்து வேர்த்து வெயில் காலத்தில் புண்ணாகும். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவளே சொன்னாள்: “கண்ணாடியில பாக்கப் பிடிக்கல கண்ணு. அவ்வளவுதான். போதாதா?”

போதும். என்னைப் பொறுத்தவரை அது போதும்.

சீட்டுப் பணத்தை எடுத்தாள். மாமாவும் சரி என்றார். ஒரு பெரிய ஊரில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே சர்ஜனைப் பார்த்தது பத்து நிமிஷம். மீதி நேரம் முழுக்கப் பேசியது ‘கவுன்சிலர்’ என்று பேட்ஜ் குத்திய ஒரு பெண். அவர்தான் மூன்று நாள் கணக்கைச் சொன்னவர். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் நான்கு பக்கம். சர்ஜரி அன்று காலையில், நைட்டி மாற்றும் நேரத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

வீட்டில் என்ன சொல்வது? அக்காவும் மாமாவும் யோசித்து ஒரு பொய் தயார் செய்தார்கள். “மார்ல ஒரு கட்டி, எடுத்துட்டாங்க.”

அந்தப் பொய் என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள். கட்டி என்றதும் ஊரே புற்றுநோய் என்று முடிவு செய்துவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நானும் ஒரு கிலோ சாத்துக்குடியோடு போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் அக்கா எழுந்து காபி போட்டாள். எட்டாம் நாள் அவள் மாமியார், “கட்டி எடுத்து எட்டு நாளாச்சு, இன்னும் கையத் தூக்கமாட்டீங்கறாளே” என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். நனைத்த ஜமக்காளத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் போட்டாள்.

ஈர ஜமக்காளம். இரண்டு கையும் தலைக்கு மேலே. எட்டாம் நாள்.

அன்று சாயங்காலம் எனக்கு போன் வந்தது. “நீதான் இந்தப் படிப்புப் படிக்கிறியே, ஒன்னு கேக்கறேன், யார்கிட்டயும் சொல்லாத” என்று ஆரம்பித்தாள். தையல் போட்ட இடத்தில், கீழ் மடிப்பில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பிளந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உண்மை தெரியும். மறுநாள் காலையிலேயே மாமா வண்டி பிடித்துக்கொண்டு போனார். சர்ஜன் பார்த்துவிட்டு, “இது அடிக்கடி நடக்கறதுதான், பயப்படாதீங்க” என்றாராம்.

அடிக்கடி நடப்பதா! அடிக்கடி நடப்பதை ஏன் ஐயா முன்னாடியே சொல்லவில்லை?

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. பிரெஸ்ட் லிஃப்ட் செய்துகொள்ளலாமா கூடாதா என்பது அவரவர் இஷ்டம். ஆனால் செய்தால் என்ன ஆகும் என்பதை மறைக்க எவருக்கும் உரிமை இல்லை. மறைக்கிறவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று, விற்கிறவர்கள். இன்னொன்று, கேலி செய்கிற நாம். இரண்டாவது கூட்டம் இருப்பதால்தான் முதல் கூட்டம் பிழைக்கிறது.

முதலில் ஒரு பழங்கதையைத் தூக்கிப் போட்டுவிடுவோம். தாய்ப்பால் கொடுத்தால் மார்பு தொங்கிவிடும் என்று பாட்டி முதல் பேஷன் பத்திரிகை வரை எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்து சர்ஜன்கள், பிள்ளை பெற்ற பிறகு மார்பக சர்ஜரிக்காக வந்த 93 பெண்களை வைத்து ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வயது, உடல் எடை, எத்தனை முறை கர்ப்பம், கர்ப்பத்துக்கு முன்பே மார்பு எவ்வளவு பெரிது, சிகரெட் பழக்கம் ஆகியவைதான் தொய்வோடு சம்பந்தப்பட்டிருந்தன. தாய்ப்பால் தனிக் காரணமாகத் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ‘அழகு போயிடும்’ என்று பயந்து பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கர்ப்பத்தில் பெருத்துச் சுருங்குவதே தோலைத் தளர்த்திவிடுகிறது. குழந்தை மேல் பழி போடாதீர்கள்.

மார்பகத்துக்குள்ளே தசை கிடையாது. பால் சுரப்பிகள், கொழுப்பு, நடுவே மெல்லிய நார்கள். அந்த நார்களுக்கு கூப்பர் நார்கள் என்று பெயர். ஆஸ்ட்லி கூப்பர் என்ற இங்கிலாந்து சர்ஜன் 1840இல் வெளியான தன் புத்தகத்தில் விவரித்ததால் அந்தப் பெயர். நார்களும் மேல்தோலும்தான் தாங்கிப் பிடிக்கின்றன. அவை தளர்ந்தால் தளர்ந்ததுதான். இலாஸ்டிக் போன பாவாடையை எந்த சோப்பில் துவைத்தாலும் இலாஸ்டிக் திரும்பி வருமா? க்ரீம், எண்ணெய், மசாஜ் எல்லாம் அந்தக் கதைதான். தண்டால் எடுத்தால் அடியில் இருக்கும் நெஞ்சுத் தசை வலுப்படும். நல்லதுதான். ஆனால் தொங்கிய தோல் சுருங்காது.

இதில் ஒரு கூத்து தெரியுமா? மருந்துகளுக்கும் மாய சிகிச்சைகளுக்கும் கண்டபடி விளம்பரம் செய்யக் கூடாது என்று இந்தியாவில் 1954இல் ஒரு சட்டம் வந்தது. எந்தெந்த உடல் நிலைகளுக்கு மருந்து விளம்பரம் கூடாது என்று அதில் ஒரு அட்டவணை உண்டு. நீரிழிவு, புற்றுநோய் வரிசையில் ‘பெண் மார்பின் வடிவமும் அமைப்பும்’ என்பதும் இருக்கிறது. அந்த அட்டவணையைப் படித்துவிட்டு உங்கள் ஊர் வாரப் பத்திரிகையின் பின்பக்கத்தையும், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரையும் ஒரு தடவை பாருங்கள். சட்டம் தூங்குகிறது, எண்ணெய் விற்கிறது.

அப்போது சர்ஜரியில் என்னதான் செய்கிறார்கள்? அதிகப்படியான தோலை வெட்டி எடுத்து, உள்ளே இருப்பதை மேலே தூக்கி வடிவமைத்து, காம்பையும் அதைச் சுற்றிய கருவட்டத்தையும் மேலே நகர்த்தி, மீதித் தோலை இழுத்துத் தைக்கிறார்கள். காம்பைத் தனியாக வெட்டி எடுத்து ஒட்டுவதில்லை, ரத்த ஓட்டத்தோடு சேர்த்தே நகர்த்துகிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கத்தில், இரண்டு மூன்று மணி நேரம்.

எவ்வளவு வெட்டுவது என்பது தொய்வைப் பொறுத்தது. அடி மடிப்புக்கு நேரே காம்பு இருந்தால் முதல் நிலை, அதற்குக் கீழே போனால் இரண்டு, மார்பின் ஆக அடியில் தரையைப் பார்த்தபடி இருந்தால் மூன்று. ரெனோ என்பவர் 1976இல் வகுத்த கணக்கு இது. லேசான தொய்வுக்குக் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டு. இன்னும் கொஞ்சம் என்றால் அதோடு கீழே நேர்க்கோடாக ஒரு வெட்டு, குச்சி மிட்டாய் மாதிரி. நிறைய என்றால் அடி மடிப்பிலும் ஒரு வெட்டு, நங்கூரம் மாதிரி. நங்கூர வெட்டுக்கு அடிப்படையான அளவுப் படத்தை ராபர்ட் வைஸ் என்ற சர்ஜன் 1956இல் வெளியிட்டார். அவர் அதை எடுத்தது பிரா தைக்கும் கட்டிங் பேட்டர்னிலிருந்து. திருப்பூர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். தட்டையான துணியைக் குவிந்த வடிவமாக்க வேண்டுமென்றால் எங்கேயாவது பிடித்துத் தைத்துத்தான் ஆக வேண்டும்.

பிடித்துத் தைத்தால் தையல் தெரியாமல் போகுமா? போகாது. தழும்பே இல்லாத பிரெஸ்ட் லிஃப்ட் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. பிராவுக்குள் மறையும் தழும்பு உண்டு. நாளாக நாளாக மங்கும் தழும்பு உண்டு. இல்லாத தழும்பு கிடையாது. நம் நிறத்துத் தோலில் தழும்பு கருக்கவும், தடித்து மேடாகி கெலாய்டு ஆகவும் வெள்ளைத் தோலைவிட வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்தில் உருண்டையாகத் தடித்துப் போன அத்தையோ சித்தியோ உங்கள் வீட்டில் உண்டா? அதை சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். நோட்டீஸில் வெள்ளைக்காரப் படத்தைப் போட்டுத் தழும்பு தெரியாது என்று எழுதுகிறவர்கள் யார் தோலைப் பற்றிப் பேசுகிறார்கள்?

இன்னும் சில. பிரெஸ்ட் லிஃப்ட் அளவைப் பெரிதாக்காது, சிலருக்குக் கொஞ்சம் சின்னதாகவே தெரியும். மேல்பாகம் எப்போதும் நிறைந்து தெரிய வேண்டும் என்றால் அதற்கு உள்ளே சிலிக்கான் வைக்க வேண்டும். அது வேறு கதை, வேறு சிக்கல்கள். முடிவு நிரந்தரமும் இல்லை. வயது ஏறும், எடை மாறும், பூமி இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதற்குப் பிறகு செய்துகொள்வது நல்லது, இல்லையென்றால் செய்த வேலை பாதி வீணாகலாம். செய்த பிறகும் பலரால் பால் கொடுக்க முடியும். ஆனால் சுரப்பு குறையலாம், எவராலும் உத்தரவாதம் தர முடியாது.

இப்போது அந்த மூன்று நாளுக்கு வருகிறேன்.

முதல் இரண்டு மூன்று நாள் மருந்தோடும் வலி இருக்கும். மயக்க மருந்தால் குமட்டல் வரலாம். சிலருக்கு ரத்தமும் நீரும் வடிய ஒரு குழாய் விட்டிருப்பார்கள். இரவும் பகலும் தாங்கு பிரா. மல்லாந்துதான் தூக்கம், தலையைக் கொஞ்சம் உயர்த்தி. தலைவழியாக மாட்டும் நைட்டி ஆகாது, முன்பக்கம் பட்டன் வைத்தது வேண்டும். தலை சீவிவிட ஒரு ஆள் வேண்டும். இதுதான் மூன்றாம் நாள். இந்தக் கோலத்தில் ஆபீஸ் போய் என்ன செய்வார்கள் என்று அந்த நோட்டீஸ்காரர்தான் விளக்க வேண்டும்.

முதல் வாரத்தில் கண்ணாடி பார்த்தால் அழுகை வரும். வீக்கம், கன்றிய நீலம், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது, மார்பு ரொம்ப மேலே ஏறி ஒரு மாதிரி சதுரமாக நிற்கும். இதற்காகவா சீட்டுப் பணத்தைக் கொட்டினோம் என்று தோன்றும். அது இறங்கி உருவம் பிடிக்க வாரங்கள் ஆகும், முழுதாக அமைய மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம். இதை முன்கூட்டியே சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? அக்காவுக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. நான்கு ராத்திரி அழுதிருக்கிறாள், சத்தம் வராமல், பக்கத்தில் பிள்ளைகள் படுத்திருந்ததால்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்ப ஒன்று முதல் இரண்டு வாரம். முதல் இரண்டு வாரமாவது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கனமானதைத் தூக்க, ஓட, ஜிம் போக நான்கு முதல் ஆறு வாரம். வலி மாத்திரை நின்று, கை சுலபமாக அசையும் வரை ஸ்கூட்டியைத் தொடக் கூடாது. காம்பிலும் தோலிலும் மரத்துப்போன உணர்வு வரும். சிலருக்கு நடுநடுவே கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்கும். பெரும்பாலானவர்களுக்கு மாதங்களில் சரியாகும், சிலருக்கு உணர்ச்சி முழுசாகத் திரும்பாமலே போகலாம். தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து கோபமாக நிற்கும். மங்குவதற்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்.

டிஸ்சார்ஜ் தாளில் ‘லேசான வேலைகள் செய்யலாம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறுகிறது. நம் வீட்டில் லேசான வேலை என்று எது இருக்கிறது? தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. மூன்று வயதுப் பிள்ளை பதின்மூன்று, பதினான்கு கிலோ, அதுவும் ஓடி வந்து தாவும். பரணில் இருக்கும் அண்டா, மாவு நிறைந்த கிரைண்டர் பாத்திரம், கொடித் துணி எல்லாம் ஒரு குடும்பத்தலைவிக்கு ‘லேசான வேலை’ கணக்கில்தான் வரும். இவற்றைப் பெயர் சொல்லி, தமிழில், ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருக்கிறவர்களையும் கூப்பிட்டு வைத்துச் சொல்ல வேண்டும். பிசியோவில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே இதுதான்: நோயாளியின் வீட்டுப் படிக்கட்டு எத்தனை என்று கேட்காமல் மாடி ஏறாதே என்று சொல்லாதே.

பயமுறுத்தவில்லை, ஆனால் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால், காய்ச்சல் வந்தால், சீழ் வடிந்தால், காம்பு கருக்க ஆரம்பித்தால், கெண்டைக்கால் வலித்து வீங்கினால், மூச்சு வாங்கினால் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே போக வேண்டும். காம்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோவது அரிது, ஆனால் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஆபத்து கூடுதல், அதனால்தான் சர்ஜரிக்குச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். சர்க்கரை நோய் இருந்தால் புண் ஆற நேரமாகும். அக்காவுக்குப் பிளந்ததே, அது நங்கூர வெட்டில் இரண்டு கோடுகள் சந்திக்கிற முனை. தோல் அதிகம் இழுபடுகிற இடம். பிளந்துகொள்ளும் என்று எல்லா சர்ஜனுக்கும் தெரிந்த இடம். மறுபடி தைக்காமல் டிரெஸ்ஸிங் போட்டே ஆற்றுவார்கள். அக்காவுக்கு ஐந்து வாரம் ஆனது.

பணம்? காப்பீட்டை நம்பாதீர்கள், அழகுக்காகச் செய்வதற்கு அவர்கள் தர மாட்டார்கள். ஜி.எஸ்.டி. வேறு உண்டு. சிக்கல் வந்தால் டிரெஸ்ஸிங், மறு சர்ஜரி எல்லாம் யார் செலவு என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

“எல்லாவற்றையும் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள்” என்று ஒரு வாதம் உண்டு. எங்கள் காலேஜிலேயே ஒருவர் சொன்னார். ஓடட்டுமே! இது அப்பெண்டிக்ஸ் இல்லை, நாளைக்கே வெடித்துவிட. உண்மையைக் கேட்டு ஓடிப்போகிறவர், ஓட வேண்டியவர்தான். 2008இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள் எல்லாவற்றையும் போதுமான அளவு சொல்லி வாங்குவதுதான் ஒப்புதல். தெரியாத மொழியில், நைட்டி மாற்றும் அறையில் வாங்குவது கையெழுத்து. ஒப்புதல் அல்ல.

அடுத்து, கேலி செய்கிறவர்கள். அதாவது நாம்.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு உட்பட அழகுக்கான சர்ஜரிகளை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் பிரிவைத் தொடங்கினார்கள். நான் அப்போது எட்டாவது. டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது வீடு நிறைய சொந்தக்காரர்கள். அரசாங்கப் பணம் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும்தான் முதலில் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது, உட்கார்ந்து விவாதிக்கலாம். எங்கள் வீட்டில் அந்த விவாதம் நடக்கவில்லை. சித்தப்பா ஒருவர் ஒரு ஜோக் அடித்தார். இங்கே எழுத முடியாத ஜோக். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தேன். அக்காவும் அங்கேதான் இருந்தாள். அவளும் சிரித்தாள்.

பிறகு அவள் ஏன் ‘கட்டி’ என்று சொன்னாள் என்று கேட்கிறீர்களா? அந்த ஹாலில் அன்றைக்கே முடிவானது அது. 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்ததற்கே இங்கே எவ்வளவு வசை! சங்க காலத்திலிருந்து கவிதையில் இருக்கும் சொல். புத்தக அட்டையில் ஒரு பெண் எழுதினால் ஆபாசமாகிவிடுகிறது. புற்றுநோய் வந்தால் மட்டும்தான் மார்பகம் மரியாதைக்குரிய உறுப்பாகும் போல. அதனால்தான் அக்கா புற்றுநோயைப் போன்ற ஒன்றைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

நம் வகுப்பிலேயே ஒருத்தி என்னோடு சண்டை பிடித்தாள். “ஆம்பளைங்க கண்ணுக்காக உடம்பை வெட்டிக்கறதை நீ நியாயப்படுத்தற” என்றாள். அவள் சொல்வதில் பாதி சரி. இருபது வயதுப் பெண் உடம்புதான் உடம்பு, பிள்ளை பெற்ற உடம்பு ரிப்பேர் ஆன உடம்பு என்று சினிமாவும் விளம்பரமும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தொய்வு ஒரு நோய் இல்லை, உடம்பு வாழ்ந்ததற்கான அடையாளம். இதை நூறு தடவை உரக்கச் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, செய்துகொள்ள முடிவெடுத்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் என்ன நடக்கும்? அவள் நம்மிடம் கேட்க மாட்டாள். நோட்டீஸிடம் கேட்பாள். சித்தப்பாவின் ஜோக்கும் தோழியின் கொள்கையும் அவளை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன: பேட்ஜ் குத்திய கவுன்சிலர் முன்னால்.

ஆகவே, யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, சர்ஜனிடமே (கவுன்சிலரிடம் அல்ல) கேட்க வேண்டியவை:

1. நீங்கள் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவரா? இதே சர்ஜரியை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்?
2. எனக்கு எந்த வெட்டு? என் உடம்பிலேயே வரைந்து காட்டுங்கள்.
3. என் நிறத்தில் இருப்பவர்களின் தழும்பு ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறது? படம் காட்டுங்கள்.
4. ஆபரேஷன் எங்கே? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? அவசரம் என்றால் ஐ.சி.யூ. உண்டா?
5. ராத்திரி இரண்டு மணிக்குப் பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்?
6. என் வயதுக்கு முன்கூட்டியே மேமோகிராம் எடுக்க வேண்டுமா?
7. ஒப்புதல் படிவத்தைத் தமிழில், நாலு நாள் முன்பே வீட்டுக்குக் கொடுப்பீர்களா?

ஏழாவது கேள்விக்கு முகம் சுளித்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

எட்டாவது கேள்வி சர்ஜனுக்கு இல்லை, உங்களுக்கே: ஆறு வாரத்துக்கு உங்கள் வீட்டு வேலையை யார் செய்வார்கள்? அந்த ஆளிடம் உண்மையைச் சொல்லிவிட்டீர்களா? பதில் இல்லை என்றால் தேதி வாங்காதீர்கள்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள். ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பிளந்த இடத்தில் மட்டும் தழும்பு தடித்துவிட்டது. வருத்தமா என்று கேட்டேன். “பண்ணிக்கிட்டதுக்கு வருத்தமில்ல கண்ணு. மடிப்புல புண்ணு வர்றதில்ல, நிமிந்து நடக்கறேன். ஆனா தெரிஞ்சு பண்ணியிருக்கணும். சொல்லிட்டுப் பண்ணியிருக்கணும்.”

கடைசியில் அவளே மாமியாரிடம் சொல்லிவிட்டாள், புற்றுநோய்ப் பேச்சு பிள்ளைகள் காதுக்குப் போனதும். திட்டு விழும் என்று நினைத்தாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இத மொதல்லயே சொல்லியிருந்தா ஜமக்காளத்த நான் போட்டிருப்பனே சாமி” என்றாராம்.

அவ்வளவுதான் விஷயம். சொல்லியிருந்தால் அந்தத் தையல் பிளந்திருக்காது. சர்ஜன் சொல்லவில்லை, கவுன்சிலர் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அக்கா சொல்லாததற்குக் காரணம் நாம். அன்று ஹாலில் சிரித்த பதின்மூன்று வயதுக்காரியும் அதில் சேர்த்தி.

பி.கு: அந்த நோட்டீஸை நான் தூக்கிப் போடவில்லை. மூன்று வாக்குறுதிகளுக்குக் கீழேயும் சிவப்பு மையில் திருத்தம் எழுதி, எங்கள் டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் குத்தினேன். இரண்டாம் நாள் யாரோ கிழித்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதை வந்து கிழிக்கட்டும், பார்க்கலாம் :)

பி.கு 2: பின்னூட்டத்தில் ஜோக் அடிக்க வருகிற சித்தப்பாக்கள் தயவுசெய்து மெஸ் சாம்பார் பதிவுக்குப் போகவும். இங்கே அனுமதி இல்லை.